வாசகர் கேள்விகள்: ஸ்பைடரை வரைந்த ரெஜ் பன்

கேள்வி: தமிழில் பல ஆண்டுகளாகப் படித்துவரும் ஸ்பைடர் காமிக்ஸ் கதைகளை (அமெரிக்க ஸ்பைடர்-மேன் அல்ல, பிரிட்டிஷ் ஸ்பைடர்) வரைந்தவர் யார்? எங்கேயும் பெயர் காணோமே?

பதில்: ரெஜ் பன் என்ற பிரிட்டிஷ் ஓவியர். 1905இல் பிறந்தவர். ‘லயன்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் 1965 ஜூன் 26 அன்று ஸ்பைடர் தொடர் தொடங்கியபோது அவருக்கு அறுபது வயது. அதற்கு முன்பே ராபின் ஹூட் கதைகளும் கௌபாய் கதைகளும் வரைந்து கை தேர்ந்தவர். ஸ்பைடரின் முதல் இரண்டு கதைகளை டெட் கோவன் எழுதினார். பிறகு எழுத வந்தவர், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். தொடர் 1969 ஏப்ரலில் முடிந்தது. பன் 1971இல் காலமானார்.

பெயர் இல்லாததற்குக் காரணம் அன்றைய பதிப்பக வழக்கம். பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து ஓவியத்தையும் உரிமையையும் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். யாராவது மூலையில் கையெழுத்துப் போட்டால் வெள்ளை மையால் பூசி மறைத்துவிடுவார்கள். பெயர் தெரிந்தால் போட்டிப் பதிப்பகம் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயம்தான். ‘2000 ஏடி’ என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழ் 1977இல் எழுத்தாளர், ஓவியர் பெயர்களை அச்சிடத் தொடங்கியது. அதைப் பார்க்க பன் உயிரோடு இல்லை. பெரிய அநியாயம் இது.

கேள்வி: சில ஸ்பைடர் கதைகளில் ஆளே வேறு மாதிரி இருக்கிறாரே, ஏன்?

பதில்: அவை வார இதழில் வந்தவை அல்ல. 1967இல் ‘லயன்’ இதழை வெளியிட்ட ஃப்ளீட்வே நிறுவனம் ‘சூப்பர் லைப்ரரி’ என்று நூறு பக்கத்துக்கு மேற்பட்ட கையடக்கப் புத்தகங்களை வெளியிட்டது. அதில் வந்த ஸ்பைடர் கதைகளை வேறு ஓவியர்கள் வரைந்தார்கள்.

வித்தியாசம் கண்டுபிடிக்கக் கன்னத்தைப் பாருங்கள். பன் வரைந்த ஸ்பைடரின் ஒட்டிய கன்னக் குழியில் நெருக்கமான மெல்லிய கோடுகள் ஓடும். சட்டை மடிப்பிலும் கோட்டைச் சுவரிலும் அதே கோடுகள்தான். இன்னொரு தடயம் கதையோட்டத்திலேயே இருக்கிறது. வாரத் தொடர் என்றால் சில பக்கங்களுக்கு ஒருமுறை ஆபத்தான இடத்தில் நின்று, அடுத்த படத்தில் முன்கதைச் சுருக்கம் வரும். லைப்ரரி கதை நிற்காமல் ஓடும். மறுபதிப்புகளில் சுருக்கப் பெட்டியை நீக்கியிருக்கக்கூடும் என்பதால், கன்னத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

கேள்வி: பன் மாதிரி கோடுகளால் நிழல் போட முயல்கிறேன். அச்சில் கறுப்புத் திட்டாகிவிடுகிறது. என்ன தவறு?

பதில்: கோட்டின் கனத்தைவிட இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை, சிக்கல் அங்கேதான். மூல ஓவியத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அச்சில் பாதியாகச் சுருக்கினால் கால் மில்லிமீட்டர்தான் மிஞ்சும். மலிவான செய்தித்தாளில் மை கசிந்து பரவும்போது அதுவும் அடைபட்டுப் போகும். ஆகவே வரைந்து முடிப்பதற்கு முன்பே, ஒரு மூலையை மட்டும் அச்சு அளவுக்குச் சுருக்கி நகலெடுத்துப் பாருங்கள். கோடுகள் ஒட்டினால் இடைவெளியைக் கூட்டுங்கள்.

முதல் அடுக்குக் கோடுகள் முகத்தின் வளைவோடு போகட்டும். நன்றாக உலர்ந்த பிறகே இரண்டாவது அடுக்கு. ஈரத்தில் போட்டால் கோடுகள் வெட்டும் இடமெல்லாம் மை தேங்கிப் புள்ளியாகும். செங்குத்தாக வெட்டினால் சல்லடைபோலத் தெரியும், சாய்வாக வெட்டுங்கள். நிப்பை அடிக்கடி துடையுங்கள். காய்ந்த மை ஒட்டியிருந்தால் கோடு தடிக்கும். மிக ஆழமான நிழலுக்குக் கோடுகளை அடுக்காமல் தூரிகையால் முழுக் கறுப்பு பூசிவிடுங்கள். ஸ்பைடரின் கறுப்பு உடையும் கோடு நிறைந்த முகமும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுவது இதனால்தான்.

கேள்வி: பழுப்பேறிய பழைய இதழை ஸ்கேன் செய்வது எப்படி?

பதில்: பக்கத்துக்குப் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள், மறுபக்கத்துப் படம் தெரியாது. 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வண்ணத்தில் எடுத்து, படம் திருத்தும் மென்பொருளில் சிவப்பு சேனலை (படத்தின் சிவப்பு நிறப் பகுதியை) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பழுப்பு வெளுத்துவிடும், மை அப்படியே நிற்கும். பிறகு எது கறுப்பு, எது வெள்ளை என்று பிரிக்கும் எல்லையைச் (threshold) சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஒரு திசையில் அதிகமானால் கன்னத்துக் கோடுகள் ஒட்டும், எதிர்த்திசையில் போனால் அறுந்துவிடும். ஒரே அளவை எல்லாப் பக்கத்துக்கும் போடாதீர்கள்.

இதழைப் பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைக்கவே கூடாது. பாலியெஸ்டர் உறை, பின்னால் அமிலமற்ற அட்டை, வெளிச்சம் படாத இடம். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்களை இழுக்காமல், அவற்றின் மடங்கிய கால்களை முதலில் நிமிர்த்தி, பின்பக்கமாகத் தள்ளி எடுங்கள். இழுத்தால் நடுப்பக்கம் கிழியும்.