ஜப்பான் மீன், பிரெஞ்சுத் தட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் 1866இல் வடிவமைத்த சாப்பாட்டுத் தட்டுகள் சிலவற்றைப் பார்த்தேன். நீல விளிம்பு, மீன், கோழி, பூச்சி என்று படங்கள். எல்லாம் ஹொகுசாய் போன்ற ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து எடுத்தவை என்றார் கூட வந்தவர். அப்படியானால் இது காப்பிதானே? திருட்டு என்றே சொல்லலாம் அல்லவா? இதை ஏன் பிரெஞ்சுக் கலையாகக் கொண்டாடுகிறார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

காப்பிதான், சந்தேகமே வேண்டாம். பாரிஸ் வியாபாரி எழேன் ரூசோவுக்காகச் செதுக்கோவியர் ஃபெலிக்ஸ் பிராக்மோன் அந்த மீனையும் கோழியையும் ஜப்பானிய அச்சுப்படங்களில் இருந்தபடியே செப்புத்தகடுகளில் ஏற்றினார். அந்தத் தகடுகளைத் தாளில் அச்சிட்டு, உருவங்களைத் தனித்தனியாகக் கத்தரித்துத் தட்டுகளில் ஒட்டினார்கள். சூளையில் தாள் எரிந்துபோகும், கோடு தங்கிவிடும். அப்புறம் கையால் வண்ணம்.

எங்கே ஒட்டினார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அதுவரை ஐரோப்பியத் தட்டு என்றால் பெரும்பாலும் நடுவில் பூங்கொத்து, சுற்றிலும் அளவெடுத்த மாலை. இங்கே பெரிய உருவம் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. எதிரே ஒரு பூச்சி, இன்னோர் ஓரத்தில் ஒரு செடி, மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை. மீனை யார் வேண்டுமானாலும் பார்த்து வரையலாம். இப்படிக் காலியாக விடுவதற்குக் கண் பழக வேண்டும். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்த இந்தத் தட்டுகள் பல பத்தாண்டுகள் விற்றன. இத்தனைக்கும் சூப் ஊற்றிக் குடிக்கிற தட்டு!

பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலேயின் 1878ஆம் ஆண்டுக் கண்ணாடிக் குடுவை வேறு கதை. ஹொகுசாய் வரைந்த கெண்டைமீனின் மேல் பௌத்தர்களின் கருணைத் தெய்வமான கன்னோன் இருக்கிறது. காலே மீனை மட்டும் எடுத்துக்கொண்டு தெய்வத்தை இறக்கிவிட்டுவிட்டார். அழகான குடுவைதான், ஆனாலும் எனக்கு அது கொஞ்சம் உறுத்தும். பிற்காலத்தில் தான் பிறந்த பிரெஞ்சு மாகாணமான லொரேன் மண்ணின் செடிகளையே கண்ணாடியில் படரவிட்டாரே, அந்தக் காலே எனக்கு இன்னும் நெருக்கம்.

திருட்டு என்ற சொல்லை வேறோர் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீக்கிங்கின் (இன்றைய பெய்ஜிங்) யுவான்மிங்யுவான் அரண்மனையைச் சூறையாடின. அங்கிருந்து வந்த பொருள்களையும் வைத்து 1863இல் பிரெஞ்சுப் பேரரசி யூஜெனி ஃபோந்தென்புளோ அரண்மனையில் சீன அருங்காட்சியகம் அமைத்தார். பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அடுத்த முறை அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.