விரலில் 97 காட்டுகிறது, காலுக்கு ஏன் போதவில்லை?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 64 வயது. ஹார்ட் அட்டாக் வந்த பிறகு எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு) 30 சதவீதம் என்கிறார்கள். தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் தொடை கனத்து நின்றுவிடுகிறார். ஆக்சிமீட்டரில் பார்த்தால் 97. ஆக்சிஜன் சரியாக இருக்கும்போது கால் ஏன் இப்படிச் சோர்கிறது? வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வாங்கி வைக்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: மெஷின் வேண்டாம், பணம் வீண். அந்த 97 பொய் இல்லை, ஆனால் அது சொல்வது ஒரே ஒரு விஷயத்தை. தமனி ரத்தத்தின் ஹீமோகுளோபினில் 100-க்கு 97 பங்கு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தொடைக்குப் போகிறது என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. பஸ் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புகிறது, ஆனால் மணிக்கு ஒரு பஸ்தான் என்றால் ஊர் போய்ச் சேருகிறவர்கள் எத்தனை பேர்? மெஷின் வைத்து 97-ஐ 100 ஆக்கினால் கடைசி மூன்று சீட்டை நிரப்பியதாக ஆகும், பஸ்களின் எண்ணிக்கை அதிகமாகாது.

நல்ல இதயம் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளும், வேகமாக ஓடினால் 20 லிட்டர்கூடப் போகும், அந்த நேரத்தில் அதில் 80 சதவீதம் வரை தசைக்கே போய்விடும். அப்பாவின் இதயத்தால் அப்படி ஏற்றிக்கொடுக்க முடியாது. இதோடு முடிந்தால் பரவாயில்லை. பம்ப் பலவீனமானதும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்த அழுத்தம் குறையக் கூடாதே என்று உடம்பு நரம்பு வழியாகவும் ஹார்மோன் வழியாகவும் கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைக்கிறது. அடிபட்ட நேரத்தில் உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. வருடக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே வினையாகிவிடும். குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாயை விரிக்கும் வேலையும் மந்தமாகிவிடுகிறது.

இன்னும் உள்ளே போனால் தந்துகிகள். தசை இழைக்கு ஆக்சிஜன் கைமாறுவது இந்த மயிரிழைக் குழாய்களில்தான் (இவற்றில் ரத்தம் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்று காட்டியதற்காகத்தான் டென்மார்க் விஞ்ஞானி ஆகஸ்ட் க்ரோக் 1920-ல் நோபல் பரிசு வாங்கினார்). நாள்பட்ட இதய பலவீனத்தில் இவற்றின் எண்ணிக்கை குறைகிறது, இருப்பதிலும் பலவற்றில் சிவப்பணு சரியாக ஓடுவதில்லை என்று எலிகளில் நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள். அப்பா நடக்க ஆரம்பித்ததும் தசை ஆக்சிஜனை இழுக்கும், ஆனால் வரத்து அதே வேகத்தில் ஏறாது, அதனால் தந்துகிக்குள் ஆக்சிஜனின் அழுத்தம் மளமளவென்று விழும், அந்த அழுத்தம்தானே ஆக்சிஜனை இழைக்குள் தள்ளுகிறது! தசை வேறு வழியில்லாமல் சீக்கிரமே ஆக்சிஜன் இல்லாமல் சக்தி எடுக்கும் லாக்டிக் அமிலப் பாதைக்குப் போகிறது. தொடை கனக்கிறது என்று அவர் சொல்வது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை: உட்கார்ந்திருக்கும்போதே அளவு 90-க்குக் கீழே போனாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மாத்திரையில் என் பம்பிங் 25-லிருந்து 42-க்கு வந்துவிட்டது. எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், எனக்கு மட்டும் நடை அப்படியே இருக்கிறது. "பேசாமல் படுத்து ஓய்வெடு" என்கிறார் மாமியார்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அத்தையிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடுங்கள். எக்கோ எண்ணும் நடக்கும் சக்தியும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாது என்பது 1980-களிலேயே தெரிந்த விஷயம். ஊசி மருந்தால் இதயத்தின் வெளியேற்றத்தைச் சட்டென்று கூட்டிப் பார்த்தார்கள், அப்போதும் கால் உடனே தேறவில்லை. இதயம் மாற்றியவர்களுக்குக்கூட உடனே முழுத் தெம்பு வருவதில்லை. ஏனென்றால் அதற்குள் தசையே மாறியிருக்கிறது: நீண்ட நேரம் உழைக்கும் இழைகள் குறைந்து சீக்கிரம் களைக்கும் இழைகள் கூடிவிடுகின்றன, ஆக்சிஜனை எரிக்கும் மைட்டோகாண்டிரியாவும் குறைகிறது. அது மட்டுமா, சோர்ந்த தசையின் நரம்புகள் மூளைக்குப் புகார் அனுப்பி மூச்சை வேகப்படுத்துகின்றன, குழாய்களை இன்னும் சுருக்குகின்றன. ஆக, உங்களுக்கு மூச்சு வாங்குவதில் ஒரு பங்கு காலிலிருந்து வருகிறது.

படுத்தே கிடந்தால் இதெல்லாம் இன்னும் மோசமாகும். தசையைத் திரும்பக் கொண்டுவரப் பயிற்சியைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பம்பிங் 35-க்கு மேல் போகாத 2,331 பேரை வைத்து நடந்த, 2009-ல் வெளியான ஹெச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில் பயிற்சி பாதுகாப்பானது என்று தெரிந்தது, பலன் சுமாராகத்தான் இருந்தது, அதற்கு ஒரு காரணம் பலர் பாதியில் விட்டுவிட்டதுதான்! உங்கள் மருத்துவர் சரி என்றபின் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் தினமும் நடங்கள், அப்புறம் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். மூன்று நாளில் எடை 2 கிலோ கூடினாலோ, காலில் புதிதாக வீக்கம் வந்தாலோ நடையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், நீர் மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

கேள்வி: எனக்கும் பம்பிங் கம்மி. ஹீமோகுளோபின் 13 இருக்கிறது, பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் விடாமல் சாப்பிடுகிறேன். இருந்தும் இரும்புச்சத்தை ஊசியாகப் போட வேண்டும் என்கிறார் டாக்டர். தேவையா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: தேவைதான். இரும்பு ரத்தத்துக்கு மட்டும் இல்லை, தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினுக்கும் மைட்டோகாண்டிரியாவுக்கும் வேண்டும். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும்போதே தசை இரும்புக்கு ஏங்கலாம், இதய பலவீனம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் குறை உண்டு. ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) 100-க்குக் கீழே, அல்லது 100-க்கும் 299-க்கும் இடையே இருந்து டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறை என்று எடுத்துக்கொள்கிறோம், ரிப்போர்ட்டில் அந்த இரண்டையும் பாருங்கள். இந்த நோயில் குடல் இரும்பைச் சரியாக உறிஞ்சுவதில்லை. 2017-ல் வந்த ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களின் உழைக்கும் திறன் கூடவில்லை, 2009 ஆய்வில் ஊசி போட்டவர்கள் ஆறு நிமிடத்தில் கூடுதல் தூரம் நடந்தார்கள். கீரையை விட வேண்டாம். சர்க்கரை இருந்தால் பேரீச்சம்பழத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.