சிமுலேஷனில் பிஎச்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எம்.இ. தெர்மல் முடித்து ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். திரவ ஓட்டத்தையும் வெப்பத்தையும் கணினியில் கணக்கிடும் ஃப்ளூயன்ட் மென்பொருள் நன்றாகத் தெரியும். நியூமெரிக்கல் மாடலிங்கில் பிஎச்டி செய்ய ஆசை. இங்கேயே சேர்வதா, ஜெர்மனிக்கு முயல்வதா? வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான். உதவித்தொகையில் சமாளிக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பணத்தை முதலில் பேசிவிடுவோம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் 2023-ல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது, சேர்ந்து இரண்டு வருடம் கழித்து 42,000. ஐஐடி, ஐஐஎஸ்சி நேர்முகத்துக்கு பல இடங்களில் கேட் என்ற பொறியியல் தகுதித் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள், அது மூன்று வருடம் செல்லும். ஜெர்மனியில் பெரும்பாலும் பிஎச்டி என்பதே ஒரு வேலை. டிவி-எல் இ13 என்ற சம்பள விகிதத்தில் ஒப்பந்தம் போடுவார்கள், ஆனால் அது முழுச் சம்பளமா பாதியா என்பது விளம்பரத்திலேயே இருக்கும், அதைக் கவனிக்காமல் விண்ணப்பிக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் என்ற திட்டத்தில் வரும் பிஎச்டி இடங்களையும் பாருங்கள். இரண்டு பக்கமும் முயலுங்கள், கையில் ஆணை வரும்வரை வேலையை விடவேண்டாம். உதவித்தொகை இல்லாத இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் உங்கள் நிலைமைக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, எனக்குக் கவலை அந்த ஃப்ளூயன்ட் வரிதான். மெஷ் என்ற கணக்கீட்டு வலையைப் போட்டு, ரன் கொடுத்து, வண்ணப் படம் எடுக்கத் தெரிவது நேர்முகத்தில் ஐந்து நிமிடம் தாங்காது. இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். ஒரு கம்பியில் வெப்பம் பரவும் சமன்பாட்டைப் பைத்தானில் நீங்களே எழுதுங்கள், கம்பியைச் சம தூரப் புள்ளிகளாகப் பிரித்து, இப்போதைய சூட்டிலிருந்தே அடுத்த நேரத்தின் சூட்டை நேராகக் கணக்கிடும் எளிய எக்ஸ்ப்ளிசிட் முறை போதும், முப்பது வரிகூட ஆகாது. நடுப்புள்ளியில் மட்டும் சூடு 1, மற்ற இடமெல்லாம் பூஜ்யம். வெப்பப் பரவல் எண்ணைக் கால இடைவெளியால் பெருக்கி, புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அது 0.2 ஆக இருக்கும்போது சூடு சீராக இரண்டு பக்கமும் இறங்கும். 0.6 ஆக்கிப் பாருங்கள், சில கால இடைவெளிகளிலேயே ஒரு புள்ளி மேலே அடுத்தது கீழே என்று ரம்பப்பல் மாதிரி ஆகி, சூடே படாத கம்பி பூஜ்யத்துக்குக் கீழே போய், முப்பதாவது இடைவெளியில் எண்கள் ஆயிரத்தைத் தாண்டி எகிறிக்கொண்டிருக்கும். எல்லை 0.5. ஏன் என்பதைத் தாளில் நீங்களே போட்டுக் கண்டுபிடியுங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் கால இடைவெளி ஏன் கால்வாசியாகிறது என்பதும் அப்போது விளங்கிவிடும்.

அப்புறம் ஃப்ளூயன்ட் போன்ற வேலையைச் செய்யும் ஓபன்ஃபோம் மென்பொருளுக்கு வாருங்கள். இலவசம், உள்ளே திறந்து எந்த வரி என்ன செய்கிறது என்று படிக்கலாம்.

பேராசிரியருக்கு எழுதும்போது ‘சிஎஃப்டியில் (கணினியில் திரவ ஓட்டத்தைக் கணக்கிடும் துறை) ஆர்வம்’ என்று எழுதாதீர்கள், அப்படி எழுதுபவர்கள் ஏராளம். வங்கக் கடலில் புயல் தள்ளிவரும் தண்ணீர் ஆழம் குறைந்த கரையில் எவ்வளவு உயரும் என்பது ஒரு கேள்வி. பேட்டரிக்குள் சூடு எங்கே தேங்குகிறது என்பது இன்னொன்று. நான்கு வருடம் உங்களை விடாமல் பிடித்துவைக்கும் கேள்வி எது? அதை ஒரே வரியில் எழுதி, உங்கள் 0.6 படத்தோடு எனக்கு அனுப்புங்கள், யார் யாரிடம் போகலாம் என்று பார்ப்போம்.