ஒரு தாளுக்காக விடுதலையா?

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் அடிதடி வழக்குகள் உள்ள ஒருவனைக் குண்டர் சட்டத்தில் உள்ளே வைத்தார்கள். தெருவே நிம்மதியாக இருந்தது. ஏழே மாதத்தில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. கொடுத்த ஆவணங்களில் ஒன்றுக்குத் தமிழாக்கம் இல்லையாம். ஒரு தாளுக்காக ரவுடியை விடுவதா? சட்டத்தில் இருக்கும் ஓட்டைதானே இது?

ச., விருதுநகர்

அன்புள்ள ச.,

ரத்தானது தடுப்புக் காவல் உத்தரவு மட்டும்தான். அடிதடி வழக்குகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் ஜாமீன் வாங்கினால்தான் அவர் வெளியே வர முடியும்.

சரி, அந்தத் தாளுக்கு வருகிறேன். நாம் குண்டாஸ் என்று சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம், செய்த குற்றத்துக்குத் தண்டனை தருவதில்லை. இனிமேல் செய்வார் என்று மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கருதினால், வழக்கு விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். பெரும்பாலும் ஆள் ஏற்கெனவே சிறையில்தான் இருப்பார். ஜாமீனில் வந்துவிடுவார் என்று காரணம் எழுதி உத்தரவு போடுவார்கள். உத்தரவுக்குப் போதுமான காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்குக் கிடையாது. காவல் சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டாலும், அவர் உண்மையில் அதைச் செய்தாரா என்று நீதிமன்றம் சாட்சிகளை அழைத்து விசாரிக்காது.

இவ்வளவும் போன பிறகு கையில் மிஞ்சுவது அரசியலமைப்பின் 22(5) பிரிவுதான். ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும், அதை மறுத்து முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அது. புரியாத மொழியில் காரணத்தைக் கொடுத்தால் மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு மறுப்பார்? ஹரிகிஷன் வழக்கில் ஆங்கிலத்தில் தாளைக் கொடுத்துவிட்டு, வாயால் மொழிபெயர்த்துச் சொன்னோமே என்று அரசு வாதாடியது. அது போதாது என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்னும் பின்னால் போனால் 1950. சென்னை மாநிலச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தடுப்புக் காவல் சட்டத்தையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். தோற்றார். ஆனாலும் அந்தச் சட்டத்தின் 14-ஆவது பிரிவை மட்டும் நீதிபதிகள் செல்லாது என்றார்கள். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூடக் காட்டக் கூடாது என்று தடுத்த பிரிவு அது. சட்டத்தை விட்டுவைத்த நீதிபதிகளுக்கும் அந்தக் காகிதத்தை மறைப்பது மட்டும் பொறுக்கவில்லை. இதை ஓட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2011-இல் ரேகா வழக்கு, இதே தமிழ்நாட்டுச் சட்டத்தில் போட்ட உத்தரவைப் பற்றியது. காலாவதியான மருந்து விற்றதாகக் குற்றச்சாட்டு. கொடிய குற்றம்தான். ஆனால் சாதாரண குற்றவியல் சட்டமே போதுமானதாக இருக்கும்போது தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்றது உச்ச நீதிமன்றம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வழக்கை நடத்தித் தண்டனை வாங்கித் தருவது கடினம், குண்டாஸ் போடுவது சுலபம். சுலபமானதையும் அவசரத்தில் அரைகுறையாகச் செய்கிறார்கள். ரத்தானால் பழி நீதிமன்றத்தின் மேல் விழுகிறது.

உங்கள் தெருக்காரர் மீதுள்ள அடிதடி வழக்குகளில் எத்தனை சாட்சி விசாரணை வரை போயின? ஊரில் யாராவது வக்கீலிடம் கேட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.