பிளாஸ்மா ஏற்றிய பிறகு அந்த ஆறு மணி நேரம்

கேள்வி: கல்லீரல் சுருக்க நோய் உள்ள என் அப்பாவுக்குப் போன மாதம் வயிற்று நீர் எடுக்கும் முன் பிளாஸ்மா (ரத்தத்தில் அணுக்களைப் பிரித்த பின் மிஞ்சும் நீர்ப்பகுதி) ஏற்றினார்கள். உடம்பெல்லாம் அரிப்பு வந்து அடங்கியது. அவர் ஏ பாசிட்டிவ். பையில் ஏபி என்று இருந்தது. நிறமும் மஞ்சள். பிள்ளை பெற்ற பெண்களின் பிளாஸ்மா நுரையீரலைக் கெடுத்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. மாற்று ரத்தம் கொடுத்ததே இரண்டு பிள்ளை பெற்ற நான்தான். அடுத்த வாரம் மறுபடி ஏற்ற வேண்டுமாம். மூச்சு வாங்கினால் கொடுக்க நீர் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் ரத்தம் அப்பாவுக்குக் கெடுதல் செய்யவில்லை. மாற்று ரத்தம் என்பது ரத்த வங்கியில் எடுத்த பைக்கு ஈடாகக் கொடுப்பது. அது பரிசோதனை முடிந்து பொது இருப்பில்தான் சேரும். அந்தக் குற்ற உணர்வை இன்றே விட்டுவிடுங்கள்.

நீங்கள் படித்ததில் பாதி உண்மை. கர்ப்ப காலத்தில், குழந்தைக்குத் தகப்பன் வழியாக வந்த வெள்ளணு அடையாளங்களுக்கு எதிராகச் சில தாய்மாரின் உடலில் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அவை தாயை ஒன்றும் செய்யாது. ஆனால் பிளாஸ்மாவோடு ஒரு நோயாளிக்குள் போனால், அவருடைய வெள்ளணுக்களை நுரையீரலிலேயே தூண்டிவிட்டு அங்கே நீர் கசியச் செய்யலாம். இதை ட்ராலி என்கிறோம். அரிதானது, ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். 2003 இறுதியில் பிரிட்டன் ஆண்களின் பிளாஸ்மாவையே பெரும்பாலும் பயன்படுத்தத் தொடங்கியது. அதன்பின் அங்கே இந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டில் ரத்தம் கொடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்தான். ஆண் கொடையாளரின் பிளாஸ்மா கிடைக்குமா என்று ரத்த வங்கியில் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மூச்சுத் திணறல். ஏற்றும்போதோ, முடிந்த ஆறு மணி நேரத்துக்குள்ளோ அப்பாவுக்கு மூச்சு வாங்கினால், படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தால், உதடு நீலம் பாய்ந்தால், விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு இறங்கினால் உடனே நர்ஸை அழையுங்கள். பை ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் பொறுக்காதீர்கள். ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ நேரத்துக்குக் கிடைத்தால், பெரும்பாலானோர் இரண்டு முதல் நான்கு நாட்களில் தேறிவிடுகிறார்கள்.

அந்த நீர் மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள்! பிளாஸ்மாவின் அளவு கூடி இதயம் திணறினாலும் மூச்சு வாங்கும். அப்போது பொதுவாக ரத்த அழுத்தம் ஏறும், நீர் பிரிக்கும் மருந்து உதவும். ட்ராலியில் அழுத்தம் பெரும்பாலும் இறங்கும். அதே மருந்து இன்னும் இறக்கிவிடும். எது என்று மார்பு எக்ஸ்ரேயும் பரிசோதனையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். இணையத்தில் படித்து வாங்கிய மாத்திரை சொல்லாது.

அரிப்பு லேசான ஒவ்வாமை. அடுத்த முறை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போதும். பிளாஸ்மாவின் நிறமே மஞ்சள்தான். ஏபி பிளாஸ்மாவை எந்த வகையினருக்கும் ஏற்றலாம்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி: அப்பாவுக்கு அந்தப் பிளாஸ்மா தேவைதானா? ஏற்றாத பை யாருடைய நுரையீரலையும் கெடுக்காது. கல்லீரல் நோயில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை அளவு) கூடியிருப்பதை மட்டும் பார்த்து, வயிற்று நீர் எடுக்கும் முன் வழக்கமாகப் பிளாஸ்மா ஏற்றத் தேவையில்லை என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். இந்த நோயில் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் குறைவதைப் போலவே உறையாமல் தடுப்பவையும் குறைகின்றன. ஐஎன்ஆர் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். சில சமயம் "எதற்கும் ஒரு பை ஏற்றிவிடுங்கள் டாக்டர்" என்று உறவினர்களே வற்புறுத்துகிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். "ரத்தக்கசிவு இருக்கிறதா, இல்லாவிட்டால் எதற்காக?" என்று கேளுங்கள். ஐந்து லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால் அல்புமின் ஏற்றுவார்கள். அது வேறு, அவசியமானது. சுத்திகரித்த புரதம் என்பதால் அதற்கு இந்தப் பயம் வேண்டாம்.

அப்புறம், நீங்கள் ரத்தம் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். பிள்ளை பெற்றவர் என்பதை மட்டும் ரத்த வங்கியில் சொல்லுங்கள். உங்கள் சிவப்பணுக்கள் ஒரு நோயாளிக்குப் போகட்டும். பிளாஸ்மாவை என்ன செய்வது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.