விரலில் சின்னப் பட்டை, பன்னிரண்டு நாள் லீவ்: பக்கத்து சீட்காரர் எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றின் பில்லிங் பிரிவில் மூன்று பேர் வேலை பார்க்கிறோம். எங்களில் ஒருவர் போன வாரம் பைக்கில் சறுக்கி விழுந்தார். அடி என்று பார்த்தால் வலது கை நடுவிரல் நுனியில் மட்டும்தான். தையல் இல்லை, ரத்தம் இல்லை, நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டை. அதற்கு மெடிக்கல் சர்டிபிகேட் வைத்து 12 நாள் லீவ் போட்டுவிட்டார். ஐந்தாம் நாள், உறவினர் வீட்டு விசேஷத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் வேலையும் சேர்த்து, காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு எட்டரை ஆகிறது. இப்போது மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள்” என்கிறார். இந்தக் காயத்துக்கு இவ்வளவு லீவ் சட்டப்படி செல்லுமா? எழுதிக் கொடுத்தால் எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது, அந்த இரவு எட்டரை. எனக்கென்னவோ அதுதான் உங்களுடைய உண்மையான வழக்கு என்று படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் லீவ். உங்கள் அலுவலகம் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-க்குள் வருகிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அதன் 25ஆவது பிரிவு, உடம்பு சரியில்லாமல் போனாலோ விபத்தில் அடிபட்டாலோ ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. தற்செயல் விடுப்பு 12 நாள் அதற்கு மேல் தனி. அந்தப் பிரிவை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் ‘பெரிய’ விபத்து, ‘கடுமையான’ நோய் என்ற அடைமொழி கிடையாது. ஆகவே காயம் சின்னது என்பதை மட்டும் சொல்லி லீவை மறுத்துவிட முடியாது. அதே சமயம் 12 என்பது உச்சவரம்பு. விழுந்த அன்றே பன்னிரண்டையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

நிறுவனம் கேட்க வேண்டியது இதுதான்: இந்தக் காயத்தோடு, இவர் பார்க்கும் இந்த வேலையை, இத்தனை நாள் பார்க்க முடியாதா? காயத்தைத் தனியாக எடுத்துப் பெரிசா சிறிசா என்று பார்ப்பதில் பயனில்லை. சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவரின் விரலில் காய் நறுக்கும்போது வெட்டுப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். நாம் வீட்டில் மஞ்சளை வைத்து அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் 2011இல் வந்த உணவு பாதுகாப்பு உரிம ஒழுங்குமுறைகளின் 4ஆவது அட்டவணை, திறந்த காயத்தோடு யாரும் உணவைக் கையாளக் கூடாது என்கிறது. அந்த வெட்டுக்காயம் ஆறும்வரை அவரை உணவைத் தொடும் வேலையிலிருந்து ஒதுக்கி வைப்பதே சட்டம்தான். அதே வெட்டு ஒரு காவலாளிக்குப் பட்டால் ஒரு மணி நேர பர்மிஷன் கேட்பதுகூட அதிகம்.

இப்போது உங்கள் சக ஊழியரின் விரல். நான் டாக்டர் இல்லை. ஆனால் விபத்து வழக்குகளில் மருத்துவ அறிக்கைகளைப் படித்துப் படித்துச் சில விஷயங்கள் பழகிவிட்டன. ரத்தமில்லை, தையலில்லை, நுனியில் மட்டும் பட்டை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ‘மேலட் ஃபிங்கர்’ என்ற காயம்தான் ஞாபகம் வந்தது. விரல் நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்துபோய், நுனி மட்டும் லேசாகத் தொங்கி நிற்கும். மேலே தோல்கூடக் கிழிந்திருக்காது. அறுவை சிகிச்சை தேவைப்படாதவர்களுக்கு வழக்கமான வைத்தியம், ஆறிலிருந்து எட்டு வாரம் இரவும் பகலும் கழற்றாமல் பட்டை போட்டு நுனியை நேராக வைத்திருப்பது. நடுவில் ஒரு தடவை நுனி மடங்கிவிட்டாலும் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். சாப்பிடும்போது, குளிக்கும்போது, சட்டைப் பொத்தான் போடும்போதுகூட அந்த ஒரு விரலைக் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ‘ஒரு சின்னப் பட்டை’க்குள் இவ்வளவு இருக்கலாம். மணிக்கட்டில் சில எலும்பு முறிவுகள் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல், பத்து நாள் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் தெரிகின்றன. தலையில் அடிபட்டவருக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாலே தலை சுற்றும்.

உங்கள் சக ஊழியருக்கு வந்திருப்பது மேலட் ஃபிங்கர்தானா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே பட்டையோடு மீதி ஒன்பது விரலால் கீபோர்டில் தட்டி வேலையை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பில்லிங் வேலைக்கு 12 நாளும் தேவையா என்று நிறுவனம் கேட்டால், அதை அநியாயமான கேள்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க வேண்டியது நிறுவனம். கேட்பதற்கு ஒழுங்கான வழிகளும் இருக்கின்றன. சர்டிபிகேட் கொடுத்த டாக்டருக்கு எழுதி, அது அவர் கொடுத்ததுதானா என்று உறுதிசெய்துகொள்ளலாம். 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க நெறிமுறைகளின்படி, டாக்டர்கள் தாங்கள் வழங்கும் சர்டிபிகேட்டுகளுக்கு ஒரு பதிவேடு வைத்துப் பராமரிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நிறுவனம் தன் செலவில் இன்னொரு டாக்டரிடம் அனுப்பிப் பார்க்கலாம். பட்டையோடு செய்யக்கூடிய போன் வேலை, சரிபார்க்கும் வேலை ஏதாவது கொடுத்து, “வர முடியுமா?” என்று கேட்கலாம். இதில் எதையும் செய்யாமல் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் வெள்ளைத்தாளை நீட்டுகிற மேலாளரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அப்புறம் அந்தப் படம். மெடிக்கல் லீவ் என்பது வீட்டுக்காவல் இல்லை. விசேஷத்தில் சிரித்துக்கொண்டு நிற்க நடுவிரல் தேவைப்படாது. கால் சுளுக்கு என்று லீவ் போட்டவர் ஆடிக்கொண்டிருந்தால், முதுகுவலி என்றவர் மூட்டை தூக்கினால், லீவ் நாளில் வேறோர் இடத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தால், அப்போது படம் பேசும். லீவுக்குச் சொன்ன காரணத்துக்கும் படத்தில் செய்யும் காரியத்துக்கும் நேரடி முரண் வேண்டும்.

அவர் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில்) இருந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. சாதாரண நோய்க்கால உதவி, சராசரி தினக்கூலியில் 70 சதவீதம். வேலைக்கு வரும்போதோ வேலை முடிந்து போகும்போதோ விழுந்திருந்தால் அது வேலைக் காயமாகவே கருதப்பட்டு 90 சதவீதம்வரை கிடைக்க வாய்ப்பு உண்டு. அவர் எங்கே போகும் வழியில் விழுந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பணத்தை வாங்குகிறவர் தொடர்ந்து சிகிச்சையில் இருக்க வேண்டும், குணமாவதைத் தள்ளிப்போடும் எதையும் செய்யக் கூடாது, மருத்துவ அலுவலரின் அனுமதி இல்லாமல் சிகிச்சைப் பகுதியை விட்டு வெளியூர் போகக் கூடாது. இதை மீறினாரா என்று பார்ப்பதும் இ.எஸ்.ஐ.யின் வேலை.

ஸ்கிரீன்ஷாட் பற்றி ஒரு பழைய கதை. பல வருடங்களுக்கு முன் ஓர் உள்விசாரணையில் ஊழியர் தரப்புக்கு நான் உதவினேன். மணிக்கட்டு வீக்கம் என்று லீவில் இருந்தவர், குழந்தையை ஒரு கையில் தூக்கி வைத்திருக்கும் படத்தை நிர்வாகம் கொண்டுவந்து வைத்தது. சாட்சி, அவருடைய பக்கத்து சீட்காரர். “இந்தப் படம் எடுத்தது எந்தத் தேதி?” என்று கேட்டோம். “ஸ்டேட்டஸில் வந்த தேதி...” என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். படத்தில் இருந்த குழந்தைக்கு ஒரு வயதுகூட இருக்காது. விசாரணை நடந்த நாளில் அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. அப்பா பழைய ஞாபகத்தில் பழைய படத்தைப் போட்டிருக்கிறார். குற்றச்சாட்டு அங்கேயே விழுந்தது. அந்த இரண்டு பேரும் மறுநாளும் பக்கத்துப் பக்கத்து சீட்டில்தான் உட்கார வேண்டியிருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. உள்விசாரணைகளில் நீதிமன்றத்தைப் போலச் சாட்சிய விதிகளைக் கறாராகப் பார்ப்பதில்லை. கேள்விப்பட்ட விஷயத்தைக்கூட ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1977இலேயே, ஒரு பஸ் கண்டக்டர் சம்பந்தப்பட்ட ரத்தன் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் நீங்கள் சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் நாலு வரியை வைத்தே ஒருவர் வேலை போகும் அளவுக்கு விஷயம் நகரலாம். சர்டிபிகேட்டே போலி என்று முடிவானால் வேலையோடு நிற்காது. போலி ஆவணம் தயாரிப்பதும் அதை அசல் போலப் பயன்படுத்துவதும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340ஆவது பிரிவுகளில் குற்றம்.

எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்த்ததை எழுதலாம். “இந்தத் தேதியில் அவரது ஸ்டேட்டஸில் இந்தப் படத்தைப் பார்த்தேன். படம் எப்போது எடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. அவரது காயத்தின் தன்மை பற்றியும் எனக்குத் தெரியாது.” இவ்வளவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. “நடிக்கிறார்”, “டாக்டருக்குக் காசு கொடுத்து வாங்கிய சர்டிபிகேட்” என்று எழுதினால் அது நீங்கள் பார்த்த விஷயம் இல்லை, உங்கள் ஊகம். நாளைக்குக் குறுக்கு விசாரணையில் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் வந்து உட்காரும். மேலாளர் வற்புறுத்தினால், கேட்பதை அவர் எழுத்தில் கேட்கட்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள்.

அவதூறு பயமும் உங்களுக்கு இருக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவுதான் அவதூறைப் பற்றியது. தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடின வேலை இல்லாத சிறை), அபராதம் என்று போகலாம். அதற்கு விதிவிலக்குகள் உண்டு. நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொன்னால் அது அவதூறு ஆகாது. அதே படத்தை ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நக்கல் பொம்மையோடு போட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. குழுவில் இருக்கும் முப்பது பேரில் யாருக்கும் அவர் லீவ் மேல் அதிகாரம் இல்லையே.

அந்த கிளினிக்குக்குப் போன் போட்டு விசாரிக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஒருவருடைய உடல்நிலையைவிட அந்தரங்கமானது எது? அரசு அலுவலகங்களிலிருந்து, சக ஊழியரின் மெடிக்கல் சர்டிபிகேட்டை ஆர்.டி.ஐ.யில் கேட்கலாமா என்றும் அடிக்கடி எழுதுகிறார்கள். ஊழியரின் மெமோ, தண்டனை விவரங்களையே தனிப்பட்ட தகவல் என்று 2012இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, மருத்துவ விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

நிர்வாகம் நடவடிக்கை எடுக்க முடிவு செய்தாலும் நேராக வேலையை விட்டுத் தூக்க முடியாது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் பணியில் இருந்தவரை நீக்க நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் வேண்டும், அல்லது விசாரணையில் நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை வேண்டும் என்கிறது கடைகள் சட்டத்தின் 41ஆவது பிரிவு. அனுமதி இல்லாமல் வராமல் இருந்தால்கூட அது தானாகவே நடத்தைக் குற்றம் ஆகிவிடாது, வேண்டுமென்றே வராமல் இருந்தாரா, வர முடியாத நிலையில் இருந்தாரா என்று பார்க்க வேண்டும் என்று கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவரோ லெட்டர் கொடுத்து, சர்டிபிகேட் வைத்துப் போயிருக்கிறார்.

சரி, இரவு எட்டரைக்கு வருவோம். காலை ஒன்பதரையிலிருந்து எட்டரை வரை பதினொரு மணி நேரம். அதே கடைகள் சட்டத்தின் 14ஆவது பிரிவுப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு 31ஆவது பிரிவின்படி இரட்டிப்புச் சம்பளம். உங்கள் சாப்பாட்டு இடைவேளையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டைத் தாண்டுவது நிச்சயம், பத்தை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். நீங்கள் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் என்றால் இது பொருந்தாது. பில்லிங் பிரிவில் மூவரில் ஒருவர் என்று எழுதியிருப்பதால் பொருந்தும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கூடுதல் நேரத்துக்குப் பொறுப்பு நிர்வாகம். ஒருவர் லீவில் போனால் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியதும், முடியாவிட்டால் ஓவர்டைம் கொடுக்க வேண்டியதும் அவர்கள்தான். அவருக்கு இரண்டு விரல் முறிந்திருந்தாலும் உங்கள் நேரம் இதேதான், உங்களுக்கு வர வேண்டிய பணமும் இதேதான். இன்றைக்கே மேலாளருக்கு ஒரு மெயில் போடுங்கள்: எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், கூடுதலாகப் பார்த்த வேலை என்ன, ஓவர்டைம் சம்பளமும் மாற்று ஆளும் வேண்டும் என்று. நகலை உங்கள் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் பகுதித் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் அந்த நகலோடு போகலாம். அந்த மெயிலில் விரலைப் பற்றியோ ஸ்டேட்டஸைப் பற்றியோ ஒரு வரிகூட வேண்டாம்.