மேனுவல் கியர் கார்ல டிராக் ரேடியல் போட்டா ஆக்சில் உடையுமா?

கிளட்ச்ச விடுறத மாத்தலைன்னா உடையும். நீங்க கேட்டிருக்கிறது சுமார் 1000 கிலோ முன்வீல் டிரைவ் ஹேட்ச்பேக், டர்போ ஏத்தி 250 நியூட்டன் மீட்டர் டார்க் (இஞ்சின் முறுக்குற பலம்), 5 கியர் மேனுவல், ரோட்டு டயர்ல லாஞ்ச் பண்ணா நின்ன எடத்துலயே சுத்துது, அதனால டிராக் ரேஸுக்குன்னே (கால் மைல் நேரா ஓடுற ரேஸ்) வர்ற ஒட்டுற டயரான டிராக் ரேடியல் வாங்கலாமா, இல்ல வெட்டே இல்லாத வழுவழு ரேஸ் டயரான ஸ்லிக்கே போட்டுரலாமான்னு. நான் காரைக்குடியில ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்துக்கும் கோயம்புத்தூர் கரி ரேஸ் மைதானத்துக்கும் வண்டி கொண்டுபோற பசங்களுக்கு கியர்பாக்ஸ் இறக்கி ஏத்துறதுதான் பாதிப் பொழப்பு, அதனால டயர் விக்கிறவர் சொல்றதுலேர்ந்து நான் சொல்றது கொஞ்சம் மாறித்தான் இருக்கும்.

இஞ்சினுக்கும் ரோட்டுக்கும் நடுவுல அந்த முதல் அடிய வாங்கிக்க ஏதாவது ஒண்ணு வேணும். ஆட்டோமேட்டிக்ல அத டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலா ஆயில் வழியா விசைய கடத்துற சாமான்) வாங்கிக்கிது. பயஸ் பிளை (உள்ள நூலு குறுக்கா சாய்ஞ்சு ஓடுற) ஸ்லிக்ல சைடுவால், அதாவது டயரோட பக்கச் சுவர், சுருங்கி மடங்கி வாங்கிக்கிது, ஸ்லோமோஷன் வீடியோல டயர் கசங்குறது தெரியும் பாருங்க, அதான். டிராக் ரேடியல் சைடுவால் அந்த அளவுக்கு மடங்காது, அதனாலதான் மேல ஸ்பீடுல வண்டி நேரா நிக்குது, உருளுற இழுவையும் கம்மி. அப்ப மேனுவல் பிளஸ் ரேடியல்னா மிச்சம் இருக்கிறது கிளட்ச் ஒண்ணுதான், அதுவும் வழுக்காம கப்புன்னு பிடிச்சா அடுத்து எது வீக்கோ அது போகும், நம்ம வண்டிகள்ல அது பெரும்பாலும் ஆக்சில், இல்லன்னா டிஃபரன்ஷியல். அமெரிக்காவுல ரேடியல் வெர்சஸ் த வேர்ல்டு மாதிரி கிளாஸ்ல ஓடுறது கிட்டத்தட்ட எல்லாமே ஆட்டோமேட்டிக்தான், மேனுவல் வண்டிக்காரங்க அங்கயும் ஸ்லிக் பக்கம்தான் அதிகம், காரணம் இதுதான்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். முதல் கியர் 3.5, ஃபைனல் டிரைவ் 4ன்னு வைங்க, பெருக்கினா 14. 250 நியூட்டன் மீட்டர் வீலுக்கு வரும்போது 3500. டயர் ஆரம் 30 சென்டிமீட்டர்னா ரோட்டுல தள்ளுற தள்ளு கிட்டத்தட்ட 1190 கிலோ. முன் சக்கரத்து மேல இருக்கிறதே 600 கிலோதான், ரோட்டு டயர் அதுல 540 கிட்ட தாங்கும், நல்ல ஒட்டுற டயர் 900 தாங்கும்னு வைங்க (கெளம்பும்போது எடை பின்னாடி சாயுறதால ரெண்டுமே இன்னும் கொறையும்). இப்பதான் விஷயமே. கிளட்ச்ச டமார்னு விட்டா கியர்பாக்ஸுக்கு போறது இஞ்சினோட 250 இல்ல, ஃப்ளைவீல் சுத்திட்டு இருக்கிற வேகத்தையும் சேத்து கிளட்ச் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. 500 தாங்குற கிளட்ச் போட்டிருந்தா அந்த ஒரு நொடிக்குள்ள 500 போகும். இதுவரைக்கும் ரோட்டு டயர் வழுக்கி வழுக்கி உங்க ஆக்சில காப்பாத்திட்டு இருந்துச்சு, ஒட்டுற டயர் போட்டதும் அந்த தயவு போயிரும்.

அதனால டயருக்கு முன்னாடி கிளட்ச்ச பாருங்க. "ஹெவி பிரஷர் பிளேட்டு, ஆறு பக் செராமிக் போட்டிருக்கேண்ணே, வழுக்கவே வழுக்காது"ன்னு பெருமையா சொல்லிட்டு வருவாங்க. வழுக்காதது தாம்பா பிரச்சினை! செராமிக் பக்குக்கு (கிளட்ச் பிளேட்ல துண்டு துண்டா இருக்கிற பிடிமானம்) பாதின்னு ஒண்ணு கெடையாது, விட்டா விட்டது பிடிச்சா பிடிச்சது. இந்த வேலைக்கு இஞ்சின் டார்க்க கொஞ்சம் தாண்டி தாங்குற ஆர்கானிக் பிளேட் தேவலை, காசு இருந்தா சின்டர்டு அயர்ன் பிளேட், அது சூட்டோட வழுக்குறதுக்குன்னே இருக்கிறது, பிரஷர கூட்டிக் கொறைக்கிற மாதிரியும் செட் வருது.

கால் பழக்கம் அடுத்தது. டூ ஸ்டெப் (கெளம்புறதுக்கு முன்னாடி ஆர்பிஎம்ம ஒரு அளவுல நிறுத்தி வைக்கிற சாமான்) இருந்தா ரொம்ப மேல வைக்காதீங்க, 3500 ஆர்பிஎம்ல ஆரம்பிங்க. பெடல பிடிக்கிற எடம் வரைக்கும் வெரசா விடலாம், அங்கிருந்து முழுசா விடுறதுக்கு ஒரு செகண்ட் கிட்ட எடுத்துக்கங்க, அந்த நேரம் பூரா ஆர்பிஎம் விழாம வண்டி நகரணும், கிளட்ச் கருகுற வாடை லேசா வரும், வரட்டும். கால நம்ப முடியலைன்னா பெடல் மெதுவா மேல வர்ற மாதிரி தடுக்குற சாமான் வெளிநாட்டுல விக்கிறாங்க, இல்லன்னா கிளட்ச் ஹைட்ராலிக் லைன்ல சின்ன ஓட்டை போட்ட ரெஸ்ட்ரிக்டர் வைக்கிறது உண்டு. இதுல ஒரு கூத்து, பிஎம்டபிள்யூ மேனுவல்ல கம்பெனியே கிளட்ச் டிலே வால்வு வச்சுத்தான் குடுத்தான், நம்ம ஆளுங்க மொத வேலையா அத கழட்டி எறிவாங்க. முதல்லேர்ந்து ரெண்டுக்கு மாத்தும்போதும் இதே கதைதான், அங்க கிளட்ச்ச உதைச்சு விட்டாலும் அதே அடிதான்.

ரேடியல் ஒரு தடவ சுத்த ஆரம்பிச்சிருச்சுன்னா திரும்பப் பிடிக்க வைக்கிறது கஷ்டம். ஸ்லிக் லேசா சுத்திக்கிட்டே இழுக்கும், மன்னிக்கும். ரேடியல் மன்னிக்காது, அந்த ரன்ன விட்டுட்டு அடுத்ததுக்கு வாங்க. வீல் ஹாப் வந்து வண்டி மூஞ்சி தடதடன்னு குதிச்சா ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துருங்க, ஆக்சில் போறது அந்தக் குதியிலதான். எங்க ஷெட்டுல கழட்டுன ஒண்ணு, ஸ்ப்லைன் பல்லு நேரா இருக்க வேண்டியது ஒரு பக்கமா முறுக்கி நின்னுச்சு, பூட்டு (ஆக்சில் மூட்ட மூடுற ரப்பர் உறை) உள்ள கப்பு விரிஞ்சு கிரீஸ் பூரா இரும்புத்தூள். இஞ்சின் மவுண்ட் பழைய ரப்பரா இருந்தா டயர் காச தள்ளி வச்சுட்டு மொத அத மாத்துங்க.

காத்து 18 பிஎஸ்ஐல ஆரம்பிச்சு ஒண்ணு ஒண்ணா மாத்திப் பாருங்க. ஸ்லிக்குக்கு சொல்ற 10, 12 எல்லாம் ரேடியலுக்கு ஒத்து வராது. நம்ம வெயில்ல வண்டிய நிறுத்தினா வெயில் படுற பக்க டயர்ல மட்டும் பிரஷர் ஏறிக்கும், அப்படியே லைனுக்கு போனா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், துணிய போட்டு மூடுங்க, கெளம்புறதுக்கு மின்னாடி ரெண்டையும் சமம் பண்ணுங்க. பர்ன் அவுட் (டயர சூடாக்க நின்ன எடத்துல சுத்துறது) லேசா பொகை கெளம்புனா போதும், ரெண்டாவது கியர்ல. தண்ணி ஊத்தி வச்சிருந்தா அத சுத்திப் போங்க, டயர் பட்டன்ல (டயர் மேல இருக்கிற வெட்டுல) தண்ணி நின்னு லைன் வரைக்கும் கூட வரும்.

காரைக்குடியிலேர்ந்து இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய 400 கிலோமீட்டர், அத இந்த டயர்லயே ஓட்டிட்டுப் போகாதீங்க, தேய்ஞ்சிரும், மழையில ஆபத்து. ரிம்மோட தனியா எடுத்துட்டுப் போங்க. செட்டிநாடு பழைய ஏர்ஸ்ட்ரிப்ல டெஸ்ட் பண்ணலாமா, பைபாஸ்ல ராத்திரி பண்ணலாமான்னு கேட்டு என்கிட்ட வராதீங்க. எங்க பக்கம் ரேஸுன்னா மாட்டு வண்டிப் பந்தயம்தான், கால் மைல் ஓடுறதுக்கா இம்புட்டு செலவு, நம்ம பெரிய மாடு 8 மைல் ஓடுமேன்னு எங்க அப்பச்சி கேப்பாக, பதில் சொல்ல முடியல.

ஸ்லிக்கா ரேடியலான்னா, கிளட்ச்ச மாத்துற எண்ணமே இல்லாம டமார்னுதான் விடுவேன்னா ஸ்லிக். ஆனா முன்னாடி பயஸ் ஸ்லிக், பின்னாடி ரோட்டு ரேடியல்னு கலந்து போட்டா மேல ஸ்பீடுல வண்டி ஆடும், அத மனசுல வச்சுக்கங்க. கிளட்ச்சும் காலும் பழக்குறேன்னா ரேடியல் வாங்குங்க. டோயோ கம்பெனி ஆர்888ஆர் டயர் சின்ன ரிம் சைஸ்லயும் வருது, ஆனா அதோட சாதாரண வெர்ஷன் சர்க்யூட்டுக்காகப் பண்ணது, டிராக் ரேடியல் அளவுக்கு ஒட்டாது, கிளட்ச் பழகுற வரைக்கும் அதுவே போதும்ங்கிறது என் கணக்கு. எது போட்டாலும் ஸ்பேர் ஆக்சில் ஒண்ணு, ஹப் நட்டுக்கு சரியான சாக்கெட், கியர் ஆயில் ரெண்டு லிட்டர் டிக்கில போட்டுட்டுப் போங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கடை கடையா தேடிட்டு நிக்க முடியாது.